கிழக்கு கேலரியில் ஒருத்தர்

விசில் ஊதிவிட்டார்கள். உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். கிழக்கு வாசலுக்கு எதிரே ஜூஸ் கடை, கடைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் நான், மடியில் கைப்பை, கைப்பைக்குள் இந்த ஆட்டத்துக்கான டிக்கெட். டிக்கெட்டை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவளைக் கிறுக்கு என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும். என்னைச் சுற்றி இன்னும் இருநூறு கிறுக்குகள் நிற்கின்றன, எல்லார் பையிலும் டிக்கெட் இருக்கிறது, எல்லார் கையிலும் கறுப்பு ரிப்பன் இருக்கிறது. பேசின் அத்லெடிக் என்ற ஃபுட்பால் டீமின் கிழக்கு கேலரி ஆட்கள் நாங்கள். மழையோ வெயிலோ அந்த கேலரியில் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறவர்கள், உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள். இன்றைக்கு ஓனரை எதிர்த்து உள்ளே போவதில்லை என்று முடிவு. முடிவு செய்த கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணினார்கள், பாதிக்குப் பாதி நின்றது, நான் அதுவரை எந்தப் பக்கமும் தூக்காமல் சும்மா இருந்தேன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், போக வேண்டாம் என்ற பக்கம் தூக்கிவிட்டேன், எதிர்ப்பக்கத்து ஆட்களும், ஒருத்தர் தவிர, அதற்குக் கட்டுப்பட்டார்கள். தூக்கியது தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்காமல் தூக்கியதுதான் தப்பு. தேவநேசன் என்று பெயர். அவர் எழுந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் உள்ள போவேன்," என்றார். அவ்வளவுதான் பேசினார். சொன்ன மாதிரியே இன்றைக்கு, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனியாமல், பழைய கிளிப்பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு அந்த வாசல் வழியாக உள்ளே போனார். யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து துரோகி என்று முனகினான். அந்தப் பையனை அறைந்திருக்க வேண்டும், ஆனால் அவன் என் கட்சி.

ஓனர் பெயர் குலசேகர். அடுக்குமாடி கட்டி விற்கிற ஆள். டீமை வாங்கிய புதிதில் எங்களோடு கேலரியில் வந்து நின்று கை தட்டி போட்டோ எடுத்துக்கொண்டார், நாங்களும் மாலை போட்டோம், அந்த மாலைக்காக இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு கிளிப்பச்சை போயிற்று. ரயில்வே யார்டுக்குப் பக்கத்துப் பிள்ளைகள் ஆரம்பித்த டீம் இது, ரயிலுக்குக் காட்டுகிற பழைய கொடித் துணியில் பனியன் தைத்தார்களாம், அதனால் பச்சை. இந்த ஆள் தன் கம்பெனி நிறம் என்று சாம்பலைக் கொண்டுவந்தார். இப்போது எங்கள் பசங்கள் ஓடினால் சிமெண்ட் மூட்டைகள் ஓடுகிற மாதிரி இருக்கிறது. பிறகு கேப்டனை விற்றார். அதையும் பொறுத்துக்கொண்டோம், நாலு நாள் புலம்பிவிட்டு ஐந்தாம் நாள் கேலரிக்குப் போய் நின்றோம். அதற்கப்புறம்தான் டிவியில் வந்து, இந்த ஊரில் கூட்டம் வருவதில்லை, அடுத்த சீசனுக்கு டீமைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்று யோசிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டீமைக் கொண்டுபோவதாம், வீடு காலி செய்கிற மாதிரி, பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றுகிற மாதிரி. அன்றைக்கே கூட்டம் போட்டோம். நசீர் பாய்தான் பேசினார், எங்கள் கேலரிக்குத் தலைவர் மாதிரி, பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறார், மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும். "நம்ம சத்தம்தான் அவனுக்கு டிவில காசு. சத்தத்த நிறுத்துவோம். காலி கேலரிய ஊரே பாக்கட்டும்," என்றார். எனக்கு அது சரி என்று பட்டது. இன்னமும் சரி என்றுதான் படுகிறது. ஆனால் கூட்டம் வருவதில்லை என்று ஒருத்தர் சொல்லும்போது, அவரை எதிர்ப்பதற்காகக் கூட்டமாக வராமல் இருப்பது எந்த ஊர் புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நேற்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

டிக்கெட் விஷயம் அதைவிடக் கேவலம். உள்ளே போகப் போவதில்லை என்றால் டிக்கெட் எதற்கு என்று எந்தக் குழந்தையும் கேட்கும். நாங்கள் கேட்கவில்லை. ஓனர் தன் கம்பெனி ஆட்களைப் பஸ் வைத்துக் கூட்டிவந்து எங்கள் இடத்தில் உட்காரவைத்துவிடுவார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நம் இடத்தில் இன்னொருத்தன் உட்காருவதா? அந்த ஒரு நினைப்பு போதும், அத்தனை பேரும் விற்பனை தொடங்கிய முதல் நாளே போனை எடுத்து ஆளாளுக்கு அவரவர் வழக்கமான சீட்டை வாங்கிவிட்டோம். காலியாக வைத்திருக்க வேண்டிய கேலரியை நாங்களே முழுசாக வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த நாள் காலையில் கம்பெனியின் இணையப் பக்கத்தில் பெரிய படம் போட்டார்கள், கிழக்கு கேலரி விற்றுத் தீர்ந்தது, ரசிகர்களுக்கு நன்றி என்று. நசீர் பாய் அதைப் பார்த்துவிட்டு மத்தியானம் வரை யார் போனையும் எடுக்கவில்லை. என்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும், நான் ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் உட்காருகிறவள், டிக்கெட் வாங்கிவிட்டு வண்டிக்கு வராத ஆளைப் பற்றி ரயிலுக்கு ஒரு கவலையும் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? காசு வந்தாயிற்று, வண்டி கிளம்பும், அந்த பெர்த்தில் யாரையாவது படுக்கவைப்பார்கள். தெரிந்தும் வாங்கினேன். வீட்டுக்காரருக்கும் சேர்த்து இரண்டாக வாங்கினேன், அவரிடம் கேட்காமலே, பக்கத்துப் பக்கத்தில், எப்போதும் வாங்குகிற இடத்தில். நான் போகப் போவதில்லை, அவர் போகப் போகிறார், ஆனாலும் கை அப்படித்தான் அமுக்கியது. அவருடையதைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். கூட்டம் நடந்த நாளிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, காபி கொடுத்தால் குடிக்கிறார், மோட்டார் போட்டால் ஞாபகமாக நிறுத்துகிறார், பால்காரருக்குப் பதில் சொல்கிறார். என்னிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. இயல்பிலேயே பேச்சு குறைந்த மனுஷன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், நாள் முழுக்க அத்தனை உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கீழே கை காட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை, வாய் பழகுவதற்கு வழியில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு அது பயமாக இருந்தது. அம்மா வீட்டில் நாங்கள் ஆறு பேர், ஒரே கத்தல், இங்கே வந்தால் சுவர்க்கடிகாரம் கேட்கிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சினிமாவுக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், கொண்டுபோய் இந்த கேலரியில் நிறுத்தினார். ஒன்றும் புரியவில்லை. ஒருவன் கோல் போட்டான், எல்லாரும் குதித்தார்கள், நானும் குதித்தேன், பிறகு அது கோல் இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்போதுதான் அந்த வாய் திறந்தது. டம்ளரை எடுத்து வைத்தார், உப்பு ஜாடியை எடுத்து வைத்தார், ஊறுகாய் பாட்டில்தான் கோல்கீப்பர், "இவன் இங்க கீறான், பந்து வர்றதுக்கு மின்னாடியே இவன் இந்தாண்ட வந்துட்டான், அதான் ஆப்சைடு," என்று அவர் பாட்டுக்குப் பேசினார், பேசினார், சோறு ஆறிப்போயிற்று. இவ்வளவு பேச்சு இந்த ஆளுக்குள் இருந்ததா என்று நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் பேசின்தான். யாரை எடுக்க வேண்டும், யாரைத் தூக்க வேண்டும், ரெஃப்ரி எவ்வளவு வாங்கினான். சண்டை போட்டால்கூட அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு லெஃப்ட் பேக் ஆட்டக்காரன் வந்து சமாதானம் செய்துவிடுவான். மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன் செய்தால், நீங்க ரெண்டு பேரும் என்னம்மா பண்றீங்க என்று கேட்பாள். பேசிட்டிருக்கோம் என்பேன். எதைப் பற்றி என்று அவளும் கேட்க மாட்டாள். இப்போது டீம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் நாங்கள் என்ன பேசுவோம்? இதை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள். ஊரே டீம் போகிறதே என்று கொதிக்கிறது, எனக்கு மேஜையில் டம்ளர் டம்ளராகவும் உப்பு ஜாடி உப்பு ஜாடியாகவும் மட்டும் இருக்கப்போகிறதே என்று பயமாக இருக்கிறது.

உள்ளே சத்தமே இல்லை. எங்கள் கேலரி எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது வெளியே உட்கார்ந்தால்தான் தெரிகிறது. மேற்குப் பக்கம் ஏதோ கொஞ்சம் கைத்தட்டல், யாரோ ஒரு சின்னக் குழந்தையின் ஊதல், அவ்வளவுதான். பந்தை உதைக்கிற சத்தம் இந்த ரோடு வரை கேட்கிறது, ஆட்டோக்கள் நடுவே, தொம் தொம் என்று. நம் கோல்கீப்பர் பையன் இருக்கிறானே, இன்னும் மீசை சரியாக வளராத பிள்ளை, ஒவ்வொரு தடவை பந்தை உதைப்பதற்கு முன்பும் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான், நாங்கள் இழுத்து ஒரு ஊ என்போம், அதன் மேல்தான் உதைப்பான். இன்றைக்கு எதைப் பார்த்து உதைக்கிறானோ. அவன் என்ன பாவம் செய்தான்? ஓனர் கண்ணாடி அறையில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார், எங்கள் சத்தம் இல்லாதது அந்தக் கண்ணாடிக்குள் கேட்குமா? கேட்காது. அந்தப் பிள்ளைக்குத்தான் கேட்கும். இதைத்தான் என் வீட்டுக்காரர் சொன்னாரா? இல்லை, அவர் சொன்னது வேறு. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நான்தான் வாயை விட்டேன். "ஹார்பர் ஸ்ட்ரைக்ல மாசக்கணக்கா கேட்டுக்கு வெளிய நின்ன ஆளு நீங்க. நீங்களே உள்ள போவேன்னா எப்பிடி?" என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். "அது வேல. வேலய நிறுத்தினா மொதலாளிக்கு நஷ்டம். இது ஆச. ஆசய நிறுத்தினா யாருக்கு நஷ்டம், சொல்லு." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பதில் யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று. கவுண்டரில் உட்கார்ந்து, விஜயவாடாவா விசாகப்பட்டினமா என்று கேட்கிற நேரத்தில்கூட அதுவே ஓடுகிறது. ஒரு சமயம் நல்ல பதில் கிடைத்தது. ஓனர் எங்களுக்கு மெயில் போடும்போது மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே என்றுதான் போடுகிறார், ஆக அவர் விற்பதே நம் ஆசையைத்தான், அப்படியென்றால் அதை நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம். நல்ல பதில். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவர் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், அந்த முதுகைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. சொன்னாலும் இன்னொரு கேள்வி கேட்பார். வேலையை நிறுத்தியவன் திரும்ப வேலைக்குப் போவான், ஆசையை நிறுத்தியவன் திரும்ப ஆசைப்படுவானா என்று கேட்டால்? இது நானே நினைத்ததுதான், அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததையெல்லாம் நானே கேட்டுக்கொண்டு நானே முழித்துக்கொண்டிருக்கிறேன்.

வேதவல்லி வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேலரியில் எங்களுக்குப் பின்வரிசை, மாவுமில் வைத்திருக்கிறாள், ஆட்டத்துக்கு ஆட்டம் ரெஃப்ரியின் வம்சத்தையே இழுப்பாள். "ஸ்டீபன் பாத்ரூம்ல பூந்துனு போன்ல மேட்ச் பாக்கறான்க்கா. நசீர் பாயாண்ட சொல்லட்டா?" என்றாள். ஸ்டீபனும் எங்கள் கேலரி ஆள்தான், போனில் பார்ப்பதும் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், போனில் பார்த்தாலும் ஓனருக்குப் பார்வையாளர் கணக்கில் சேரும் என்று. ஸ்கோர்கூடக் கேட்கக் கூடாது. நான் விட்டுத் தொலை என்றேன். "அதெப்படி விட்றது? எனக்கு மட்டும் ஆச இல்லயா?" என்றாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. உண்மையாகவே கலங்கிவிட்டது. இருநூறு பேர் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒவ்வொரு தொம் சத்தத்துக்கும் எல்லார் தலையும் ஒரே சமயத்தில் ஒரு இம்மி உயர்கிறது. போலீஸ்காரர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுக் குழம்புகிறார்கள், கோஷம் போட்டால் தள்ளிவிடலாம், சும்மா நிற்பவர்களை என்ன செய்வது. நசீர் பாய் அங்கும் இங்கும் நடக்கிறார், வாயில் வெற்றிலை இல்லாமலே மெல்கிறார். அவருக்கும் அந்த யோசனை வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காலி கேலரியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாருங்கள், இதனால்தான் கோயம்புத்தூர் என்று அந்த ஆள் சொன்னால் முடிந்தது. அல்லது சொல்லாமலும் போகலாம். அல்லது பயந்து நிறுத்தவும் செய்யலாம். யாருக்குத் தெரியும். உள்ளே போயிருந்தால் மட்டும் என்ன, கத்தியிருப்போம், அந்தக் கத்தலை வைத்து விளம்பரம் எடுத்திருப்பார். போனாலும் அவருக்கு லாபம், போகாவிட்டாலும் அவருக்கு லாபம் என்றால் நாங்கள் எங்கேதான் நிற்பது? இந்த ஜூஸ் கடை வாசலில்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது. ஜூஸ் கடைக்காரருக்கு இன்றைக்கு நல்ல வியாபாரம். அவருக்கு ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாது, ஐஸ் தீர்ந்துவிட்டதே என்று மட்டும் கவலைப்படுகிறார். கொடுத்துவைத்தவர்.

போன் அடிக்கிறது. கைப்பைக்குள், டிக்கெட்டுக்குப் பக்கத்தில். எடுத்தால் அவர் பெயர். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது, மாரடைப்பு, படியில் விழுந்துவிட்டார், அந்தப் பையன் சொன்னதைக் கேட்டு யாரோ அடித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து கூப்பிட வேறு என்ன காரணம் இருக்க முடியும்? இத்தனை நாள் பேசாத ஆள். வேதவல்லி திரையைப் பார்த்துவிட்டாள். "அண்ணனா? உள்ளேர்ந்தா?" என்றாள், அவள் சொன்ன விதத்தில் முன்னால் நின்ற நாலு பேர் திரும்பினார்கள், நசீர் பாயும் திரும்பினார். ஸ்கோர் கேட்கக் கூடாது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காதில் பேசினால் அது பார்ப்பதில் சேருமா, சேராதா? இதை யாரும் கூட்டத்தில் பேசவில்லை. என் கைதான் கடைசியாக உயர்ந்த கை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, கட் செய்தால் அவர் மறுபடி அடிக்க மாட்டார், அவரை எனக்குத் தெரியும், இதற்கே எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. "பாய், ஸ்கோர் கேக்க மாட்டேன்," என்றேன். நசீர் பாய் நடப்பதை நிறுத்தினார். "எடுங்கக்கா. வீட்டுக்காரு போன எடுக்காதன்னு நாங்க எப்ப சொன்னோம்," என்றார். எடுத்தேன்.

"ஸ்கோர் சொல்லிடாதீங்க," என்றேன் முதலில். என்ன மனைவி நான், உயிரோடு இருக்கிறாரா என்றுகூடக் கேட்காமல். அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு, "யாரு ஸ்கோர் சொன்னா?" என்றார். குரல் கரகரத்தது, நாள்கணக்காகப் பயன்படுத்தாத குழாயைத் திறந்த மாதிரி. "நம்ம கேலரிய துணி போட்டு மூடிட்டானுங்க ரோசி." என்ன துணி என்றேன். "பெரிய துணி. அவன் கம்பெனி பேரு எழுதினது. சீட்டு மொத்தமும் அதுக்குக் கீழ. டிவில பாத்தா காலின்னே தெரியாது, எதோ விளம்பரம்னு நெனப்பான்." காலி கேலரியை ஊரே பார்க்கட்டும் என்றோமே, ஊர் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரிப்பன் கட்டிய கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அப்போ நீங்க எங்க உக்காந்திருக்கீங்க என்று கேட்டேன். "ஓரமா துணிய இழுத்து நம்ம ரெண்டு சீட்ட மட்டும் வெளிய எடுத்துட்டேன். செக்யூரிட்டி வந்தான், மூடு பெருசுன்னான். என் பொண்டாட்டி சீட்டுப்பா, டிக்கெட் வாங்கிக்குது, நீ யாரு மூடறதுக்குன்னேன். போய்ட்டான்." அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி முடித்தார். எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், ஸ்கோர் தெரிந்துவிட்டதோ, தோற்றுக்கொண்டிருக்கிறோமோ என்று என் முகத்தில் தேடுகிறார்கள். அதெல்லாம் இல்லை என்று கையை ஆட்டினேன். துணியைப் பற்றி நசீர் பாயிடம் சொன்னேன். அவர் கெட்ட வார்த்தை சொல்ல வாயெடுத்து என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "அண்ணன போட்டோ எடுக்கச் சொல்லுங்கக்கா," என்றார். உள்ளே போனது நல்லதாயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"போட்டோ எடுக்கறேன், அப்புறம்," என்றார் என் வீட்டுக்காரர். போனை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "உன் சீட்ல ஒரு காக்கா உக்காந்துனு கீது," என்றார். காக்காவா என்றேன். "ம். நான் பக்கத்துல உக்காந்துனு கீறேன், அது பாட்டுக்குக் கீது. பயமே இல்ல. துணி நூல இழுத்து இழுத்துப் பாக்குது." துரத்தாதீங்க என்றேன். "நான் ஏன் தொரத்தறேன்," என்றார். பிறகு மேற்குப் பக்கத்தில் பாப்கார்ன் விற்கிற பெண், வாங்க ஆள் இல்லாமல், தானே உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பதைச் சொன்னார். கூரை ஓரத்தில் ஒரு தகரம் பெயர்ந்து காற்றில் ஆடுவதைச் சொன்னார், கிரேன் ஓட்டுகிற கண் அல்லவா, அது விழுந்தால் எங்கே விழும் என்றும் சொன்னார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லெஃப்ட் பேக் இல்லை, ஆப்சைடு இல்லை. கண்ணெதிரே ஆட்டம் ஓடுகிறது, இந்த மனுஷன் தகரத்தைப் பற்றிப் பேசுகிறார். நான் ஜூஸ் கடைக்காரரின் ஐஸ் கவலையைச் சொன்னேன். சிரித்தார். ஸ்டீபன் பாத்ரூமில் இருப்பதைச் சொன்னேன், அதற்கும் சிரித்தார். நாங்கள் இதற்கு முன்னால் இப்படிப் பேசியிருக்கிறோமா என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. பேசியிருப்போம். இல்லாமலா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தோம்? ஆனால் ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் உள்ளே சத்தம் எழுந்தது. மேற்குப் பக்கத்துச் சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் சத்தம் சத்தம்தான், சுவரைத் தாண்டி வந்து எங்கள் எல்லாரையும் தொட்டது. ஸ்டூலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கோல். யாருடைய கோல் என்று சொல்ல வழியில்லை. எங்கள் கேலரி கத்தினால் நம்முடையது, வாயடைத்தால் அவர்களுடையது, அதுதான் இத்தனை காலமும் ஊருக்கு அடையாளம், எங்கள் கேலரி இங்கே ரோட்டில் நிற்கிறது. வேதவல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். போனில் அவர் சீட்டு படாரென்று மடங்கிய சத்தம் கேட்டது, எழுந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கோல் விழுந்தால் அதை ஒரு நொடி வாயில் வைத்திருக்க முடியாதவர், ஒருமுறை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது சொல்லியிருக்கிறார், மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் முதலில் ஸ்கோர் சொன்னவர். சொல்லிவிடுவார், நான் கொடுத்த வாக்கு போய்விடும் என்று பயமாக இருந்தது. சொல்ல முடியாமல் போனை வைத்துவிடுவார் என்று அதைவிடப் பயமாக இருந்தது. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை எச்சில் விழுங்கினார்.

"மத்தியானம் சாப்டியா?" என்றார்.

"சாப்டேன்," என்றேன்.

"இன்னா சாப்ட?"

என்ன சாப்பிட்டேன் என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்களுக்குள் அதை எதற்குக் கேட்க வேண்டும்? இருநூறு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்து, காலையில் வைத்த ரசம் மிச்சம் இருந்ததையும், கூட ஒரு முட்டை பொரித்துக்கொண்டதையும், முட்டையில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டதையும் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ம் கொட்டிக்கொண்டே கேட்டார்.